விசில் ஊதியவரின் வீட்டு வாசல்

தலைமையேற்று வீற்றிருக்கும் யாய்சு நகரக் கால்பந்துக் கழகத் தலைவர் அவர்களே, மழையிலும் மைதானத்தை மறவாத பெரியோர்களே, சேறு படிந்த சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே ஓர் அணியை வளர்த்தெடுத்த தாய்மார்களே, நடுவர் ஒகித்சுவின் மகள் சினாமியின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்.

குசாகாபே ரெய்ஜியை அறியாதவர் இந்த அரங்கில் உண்டா? ஆடிய காலத்தில் அரணாக நின்றவர். ஓய்வுக்குப் பின் துறைமுகத்தில் சூரைமீன் பெட்டி சுமந்தவர். அப்போது அவரைத் திரும்பிப் பார்த்தவர் யார்?

சென்ற இளவேனிலில் யாரோ ஒருவர் பழைய காட்சியொன்றை இணையத்தில் ஏற்றினார். அவருடைய கடைசி ஆட்டம். சிவப்பு அட்டை. சட்டையால் முகம் மூடி அழுதபடி வெளியேறும் வீரர். உலகமே உருகியது! லட்சோபலட்சம் பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். உருகிய உலகம் அதோடு நின்றதா? அட்டையைக் காட்டிய கை யாருடையது என்று தேடியது.

அது என் தந்தையின் கை.

தொலைபேசி ஓயவில்லை. வசை ஓயவில்லை. கதவில் 'குருடன்' என்று எழுதிப் போனார்கள். வீட்டு முகப்பில் நடத்திவந்த நூடுல்ஸ் கடையை மூடியதற்கு அடையாளமாக, அதன் வாசல் திரையை அப்பா கழற்றி உள்ளே வைத்துவிட்டார்.

ஒரு மத்தியானம், கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி, நேரலையில், குசாகாபேயே எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளிருந்து என் கைப்பேசியில் அதைப் பார்த்தேன். 'கதவ ஒடைங்கண்ணே', 'மன்னிப்புக் கேக்க வைங்க' என்று பார்ப்பவர்களின் எழுத்துகள் திரையில் ஓடின.

"ஒகித்சு ஐயா, கொஞ்சம் வெளிய வாங்க."

"எத்தன பேரக் கூட்டிட்டு வந்திருக்கே?"

"தனியாத்தான் வந்தேன்."

"அப்ப கையில இருக்கிறது என்ன, விசிறியா?"

சிரிக்கிறீர்கள். அன்று எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, அப்பா கதவைத் தள்ளித் திறந்தார்.

"நான் பந்தத்தான் தொட்டேன். இப்பவும் அதான் சொல்றேன்," என்றார் குசாகாபே.

"நீ கால அடிச்சத நான் பாத்தேன். இப்பவும் அதான் சொல்றேன்."

பிறகு குசாகாபே கைப்பேசியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார்.

"கேட்டீங்கல்ல? எங்களுக்குள்ள ஒத்துப்போகல. ஒத்துப்போகாமத்தான் இத்தன வருசமா ஒரே ஊர்ல இருக்கோம். விசில் ஊத ஆள் இல்லன்னா அது ஆட்டமில்ல, அடிதடி. இவர் வீட்டுக்கு ஃபோன் பண்றவன் எனக்கு ரசிகனே இல்ல. போயிடுங்க."

போனார்கள். ஆயிரம் ஆயிரமாய்ப் போனார்கள். போகும்போது அவர்மீதும் காறித் துப்பிவிட்டே போனார்கள். எண்ணிக்கை சரிவதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஊர் மறந்துபோன மனிதருக்கு மறுபடி கிடைத்த புகழல்லவா? ஆயினும் ஒரு சொல்லைக்கூட அவர் திரும்பப் பெறவில்லை.

"சாப்பிட ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

"கடை மூடியாச்சு."

"அப்ப நாளைக்கு வரேன்."

மறுநாள் அவருக்காகவே அப்பா கடையைத் திறந்தார்.

பெரியோர்களே! வரும் ஞாயிறு நம் ஊர்ப் போட்டிக்கு நடுவராக எவரும் முன்வரவில்லை என்று தலைவர் வருந்தினார். ஏன் வரவில்லை? ஆட்டத்துக்கா அஞ்சினார்கள்? இல்லை, அதன்பின் வரும் தொலைபேசிக்கு அஞ்சினார்கள்!

நான் ஊதுகிறேன். என் கண் தவறலாம். தவறினால் திட்டுங்கள். ஆனால் மைதானத்திலேயே, என் முகத்தைப் பார்த்துத் திட்டுங்கள்!

பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கு நன்றி. ஞாயிறு காலை களத்தில் காண்போம். வணக்கம்.