இளஞ்சிவப்புக் கிண்ணம்

எங்கள் சத்திரசிகிச்சைக் கூடத்துத் தரை சுத்தமானது. பதினொரு ஆண்டுகளாக, இங்கே மூத்த தாதியாக, அதை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் தரை தரைதான்.

அது எண்பத்தாறாம் ஆண்டு வைகாசி. லியோனுக்கு இருபத்தாறு வயது, யாழ்ப்பாணக் கரையில் குருநகர். சண்டையால் கடலுக்குப் போகத் தடை இருந்த நாட்களில் கரையில் பந்து விளையாடி, முழங்காலுக்குள் ஒரு நார் அறுந்திருந்தது. மேசையில் ஏற்றும்போது என்னிடம் சொன்னான்:

"மிஸி, நான் வள்ளத்திலை நிண்டு வலை இழுக்கிறவன். இருந்துகொண்டு இழுக்கேலாது."

"உம்மை நிக்க வைக்கத்தானே தம்பி கொண்டு வந்தது" என்றேன்.

அறுந்த நாருக்குப் பதிலாக வைக்க, அவனுடைய தொடையிலிருந்தே டாக்டர் ஒரு தசைநாணை எடுத்தார். அதை இளம் தாதி யசிந்தாவின் கையில் கொடுத்தார். அவள் எங்களிடம் வந்து எட்டு மாதம். அவளும் குருநகர்தான். அவள் வருமுன் எதுவானாலும் என் கையில்தான் கொடுப்பார். ஒருநாள் எல்லோருக்கும் கேட்க, "சிவக்கொழுந்து மிஸி, உங்கடை காது கேக்க முதல் பிள்ளையின்ரை கை வந்திடுது" என்று பகிடி விட்டார். நானும் சிரித்தேன்.

தசைநாண் யசிந்தாவின் கையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது.

"பறவாயில்லை பிள்ளை" என்றார் டாக்டர். "கழுவி எடுக்கலாம். மிஸி, நீங்கள் செய்யுங்கோ."

ஒருமுறை நான் கத்தரிக்கோலை விழுத்தியபோது அன்று முழுவதும் அவர் என்னோடு கதைக்கவில்லை.

முறை எனக்குத் தெரியும். உப்புநீரில் அலசி, இளஞ்சிவப்புக் கிருமிநாசினியில் ஊறவைத்து, திரும்பவும் உப்புநீரில் நன்றாக அலச வேண்டும். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கழுவியவர் "கழுவியாச்சு" என்றால் அதன்பின் யாரும் கேட்பதில்லை. அந்த வழக்கத்தை உண்டாக்கியவள் நான்.

மூலை மேசையில், அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றேன். தசைநாணை உப்புநீரில் ஒரு தரம் நனைத்தேன். இளஞ்சிவப்புக் கிண்ணத்தில் இடவில்லை. மணிக்கூட்டைப் பார்த்து, ஊறவேண்டிய நேரம் முழுவதும் காத்திருந்தேன். "கழுவியாச்சு" என்றேன்.

கிண்ணத்தைப் பிறகு கொட்டியவள் யசிந்தா. அதில் இரத்தத்தின் சுவடே இல்லை என்று அவள் விசாரணைக்கு வந்த உங்களிடம் சொன்னது சரி. நல்ல கண் அவளுக்கு.

ஒவ்வொரு நாளும் வார்டுக்குப் போய் லியோனைப் பார்த்தேன். ஐந்தாம் நாள் முழங்காலில் கை வைத்தேன். சுட்டது. உறுதியாகத் தெரியாமல் ஒன்றைச் சொல்லக் கூடாது. ஏழாம் நாள் டாக்டரிடம் சொன்னேன். சீழ் பிடித்த முழங்காலை இரண்டு தரம் திறந்து கழுவினார்கள். மூன்றாம் தரம், வைத்த தசைநாணையே எடுத்துவிட்டார்கள். முழங்கால் இனி மடங்காது. கரையில் காலை நீட்டி இருந்து கிழிந்த வலை பொத்துகிறானாம்.

லியோனின் தாய் கோவில் வாசலில் வைத்து யசிந்தாவிடம், "உன்ரை கையாலை விழுந்தது என்ரை பிள்ளையின்ரை கால்" என்றாளாம். அதன்பின் யசிந்தா கூடத்துக்குள் வரவில்லை. டாக்டர் இப்போது எல்லாவற்றையும் என் கையில்தான் கொடுக்கிறார். அது அனுபவத்துக்குரிய மரியாதை.

பொறாமை என்று எழுத வேண்டாம். அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. கழுவாதது நான்தான், கையொப்பம் இடுகிறேன். ஆனால் நடந்ததை வரிசைப்படி எழுதுங்கள். முதலில் அது விழுந்தது யசிந்தாவின் கையிலிருந்து.