கண்டறியாத நம்பர்

இல்லை ஃபாதர், உடன அறைக்குள்ள போகாதேங்கோ. என்ர மனுசன் இப்பதான் கண்ணயர்ந்தவர். கொஞ்சம் இருங்கோ. அந்தக் கதிரை ஆடும், இதில இருங்கோ. அவஸ்தை பூசுற எண்ணெய்ச் சிமிழை மேசையில வையுங்கோ, ஒருத்தரும் தொடமாட்டினம். மகள் அஞ்சலி எயார்போட்டுக்குப் போயிட்டாள், பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு வர. ஓம், வாறாராம். லண்டனில இருந்து இவற்ற தமையன் கிறிஸ்ரியன் துரை வாறார். இவர் கடைசி மூச்சை விட முன்னம் ரெண்டு பேரும் முகத்தை முகம் பாத்து ஒரு சொல்லுக் கதைச்சால் எனக்குக் காணும். வேற ஒண்டும் நான் கேக்கேல்ல.

சண்டை எதால வந்தது எண்டு நினைச்சீங்கள்? காணியோ? காணியெண்டாலும் வெளியில சொல்ல ஒரு மரியாதை இருந்திருக்கும். தகரம், ஃபாதர். காரில பூட்டுற நம்பர்த் தகரம். கிழடு தட்டின ரெண்டு ஆம்பிளையள் ஒரு தகரத்துண்டுக்காக இவ்வளவு காலம் கதை பேச்சில்லாமல் இருந்தவை. வெளியில சொல்லிப்போடாதேங்கோ, கோயில்ச் சனம் சிரிக்கும்.

இந்தக் குசினி யன்னலால பாருங்கோ, கராஜுக்குள்ள பச்சையா ஒண்டு நிக்குது. மொறிஸ் மைனர். மாமா, அவையின்ர அப்பா, லண்டனில வாங்கினது. வாங்கேக்கயே பழசு. அறுபத்தேழாம் ஆண்டுக் கார். எங்களுக்கு அறுபத்தேழு எண்டால் அறுபத்தேழு, அவ்வளவுதான். இந்த வின்சன்ட் மனுசனுக்கு அப்பிடி இல்லை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் நம்பரின்ர கடைசியில ஒரு எழுத்து இருக்குமாம், அது கார் எந்த ஆண்டு எண்டு சொல்லுமாம். அந்த வருசம் எழுத்து மாத்திற மாதத்தை வெள்ளைக்காரன் இடையில மாத்திப்போட்டானாம், அதால அந்த எழுத்துக் காருகள் குறைவாம், அப்பான்ர கார் அதில ஒண்டாம். முன்னுக்கு இருக்கிற எழுத்து எந்த ஊரில பதிஞ்சது எண்டு சொல்லுமாம். கலியாணம் கட்டின முதற் கிழமையே எனக்கு இந்தப் பாடம் நடந்தது. மற்றப் பெம்பிளையளுக்குப் புருசன்மார் என்ன சொல்லிக் குடுத்தினமோ தெரியாது.

பிறகு கிளப். கிழடுகள் எல்லாம் ஒரு பார்க்கில காருகளைக் கொண்டுபோய் நிப்பாட்டி, பொனற்றைத் திறந்து வச்சுப்போட்டு, ஒராளின்ர எஞ்சினை மற்றாள் எட்டிப் பாக்கும். அதுக்கொரு சான்ட்விச். கடைசிப் பாட்டுக்கு முதலே கோயிலால எழும்பி ஓடுறது ஆரெண்டு உங்களுக்குத் தெரியும்தானே? அங்க போறதுக்குத்தான். ரோட்டில ஓட இந்த நாட்டு நம்பர் வேணும். பார்க்கில நிப்பாட்டின உடன அதுக்கு மேல தங்கட தங்கட இங்கிலாந்துத் தகரத்தைக் கொழுவுவினம். என்ன எடுப்பு! இவர் மட்டும் கொழுவமாட்டார். ஏன் எண்டு ஆராவது கேட்டால் துலைஞ்சினம். பின்னேரம் வரைக்கும் தமையன்ர கதைதான்.

தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.

என்ன நடந்தது எண்டால், மாமா சாகேக்க கார் சின்னவனுக்கு எண்டு வாயால சொன்னவர். தமையனும் ஓம் எண்டு கப்பலில ஏத்தி அனுப்பினார். இவர் துறைமுகத்துக்குக் கமராவும் கையுமாப் போனார், ஃபாதர். நானும் பின்னால. கொண்டெய்னரைத் திறந்தால் கார் நிக்குது, நம்பர் வேற! அந்த நாட்டில நம்பரை ஒரு காரில இருந்து எடுத்து இன்னொரு காருக்கு மாத்தலாமாம், எல்லாம் சட்டப்படியாம். பழைய காருக்கு அதின்ர வயசுக்குத் தக்கதா வேற ஒண்டு குடுப்பினமாம். துரை அப்பான்ர நம்பரை எடுத்துத் தன்ர புதுக் காரில பூட்டிப்போட்டார். பழைய நம்பரைப் புதுக் காருக்குப் போடலாமாம், புது நம்பரைப் பழைய காருக்குப் போடக்கூடாதாம். இளசைக் கிழடாக்கலாம், கிழடை இளசாக்கேலாது. இப்பிடி ஒரு சட்டத்தை இருந்து யோசிச்சவனுக்கும் எங்கட ஆளைப் போல ஒரு விசர் இருந்திருக்கோணும்.

ஃபோனில கேட்டதுக்கு அவர் சொன்னாராம், உனக்குக் கார், எனக்கு நம்பர், ரெண்டு பேருக்கும் அப்பா எண்டு. நியாயத்தைப் பாருங்கோ. அண்டைக்கு வச்ச ஃபோன்தான். எங்கட மகளின்ர முதல் நன்மைக்கும் வரேல்ல, அங்க அவையின்ர மகளின்ர கலியாணத்துக்கு நாங்கள் போகேல்ல. கண்டறியாத நம்பர்.

சிரியுங்கோ, சிரியுங்கோ. நானும் கனகாலம் சிரிச்சனான்.

ஆனா ஒண்டு சொல்லோணும். மாமா லண்டனுக்குப் போகேக்க இதுகள் ரெண்டும் குஞ்சுகள். இவையின்ர ஊர் மன்னாருக்கு வந்தது ஒரே ஒரு படம். மாமா காருக்குப் பக்கத்தில நிக்கிறார், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. முகம் சரியா விழேல்ல. நம்பர் மட்டும் பளிச்செண்டு, கறுப்பில வெள்ளி எழுத்து. செபமாலை முடிய மாமி அந்தப் படத்தை எடுத்து, அப்பாவுக்குக் குட்நைற் சொல்லுங்கோ எண்டுவாவாம். இதுகள் ரெண்டும் கையைக் கூப்பிக்கொண்டு நம்பரைச் சொல்லுங்களாம். தகப்பன்ர முகம் பாடமில்லை, நம்பர் பாடம். நான் இதைக் கேட்டு அழுதனான், ஃபாதர். அழுதுபோட்டு, அதுக்காக இப்பிடியே கிடந்து மல்லுக்கட்டிறதோ எண்டு பேசியும் விட்டனான். எனக்கும் அந்த நம்பர் பாடம். ஆனா சொல்லமாட்டன், கேக்காதேங்கோ.

போனமுறை நீங்கள் வந்து தமையனை மன்னியுங்கோ எண்டு சொல்ல, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாரே, நினைவிருக்கோ? நீங்கள் போனபிறகு, அண்ணன் இந்த வாசல் மிதிக்கப்படாது, செத்தவீட்டுக்கும் வரப்படாது எண்டார். எனக்கு வந்த கோவத்துக்கு அவற்ற கஞ்சியைக் கொண்டுபோய்க் கொட்டிப்போட்டன். சாகப்போற மனுசன், கூடப்பிறந்தது ஒண்டே ஒண்டு, ஆனா மனசு முழுக்கத் தகரத்தோட போகப்போகுது. அங்கால அவரும் அப்பிடித்தான், கூப்பிட்டால் வாறன் எண்டு மகளுக்குச் சொல்லிக்கொண்டு ஃபோனுக்குப் பக்கத்தில இருக்கிறார். கூப்பிட்டால்தான் வருவாராம், பெரிய மனுசன்.

என்ன, கதவு நீக்கலுக்கால கண்டனீங்களோ? ஓம், நெஞ்சில வச்சுக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடக்கிறது அந்த நம்பர்த் தகரம்தான். இல்லை, கிறிஸ்ரியன் அனுப்பேல்ல. அவர் ஏன் அனுப்புறார்? இங்க பக்கத்தில, செவன் ஹில்ஸில ஒருத்தன் கண்காட்சிக் காருகளுக்கு இப்பிடித் தகரம் அடிச்சு விக்கிறான். நான் போய், பாடமாக்கின நம்பரைச் சொல்லி, கறுப்பில வெள்ளி எழுத்து எண்டு சொல்லி அடிப்பிச்சன். ஆரின்ர நம்பர் எண்டுகூட அவன் கேக்கேல்ல. கொண்டுவந்து, இந்தாங்கோ, உங்கட அண்ணை தபாலில அனுப்பியிருக்கிறார் எண்டு மடியில வச்சன்.

பொய்தான் ஃபாதர். பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு வாறன், இப்ப எனக்கு நேரமில்லை. கிறிஸ்ரியனுக்கு வழியில அஞ்சலி சொல்லிப்போடுவாள். இங்கிலிஷில சொல்லுவாள், அது சுருக்கமா இருக்கும்.

இல்லை, அதுக்காக உங்களை மறிச்சு வைக்கேல்ல. எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல.

இந்தாள் டீவியில ஓடுற காரைப் பாத்து, அந்தத் தகரம் பொய், எழுத்து இடைவெளி பிழை எண்டு சொல்லுற ஆள். மற்றவையின்ர காரில இப்பிடிக் கண்டால் சபையில வச்சே மானத்தை வாங்கிப்போடுவார். நான் குடுத்ததை வாங்கிக் கனநேரம் பாத்தார். விரலால எழுத்து எழுத்தாத் தடவினார். அப்பதான் நானும் கண்டன், கீழ் ஓரத்தில அந்த மடையன் தன்ர கடைப் பேரையும் செவன் ஹில்ஸ் எண்டும் சின்ன எழுத்தில அடிச்சு வச்சிருக்கிறான். இவர் என்னை ஒருக்கா நிமிந்து பாத்தார். பிறகு வலக்கைப் பெருவிரலைக் கொண்டுவந்து அந்த எழுத்துக்கு மேல வச்சு மூடிக்கொண்டு, ஓம் யோசப்பின், இது அப்பான்ர நம்பர்தான், அண்ணனை வரச்சொல்லு எண்டார்.

அண்டையில இருந்து அந்த விரலை எடுக்கேல்ல, ஃபாதர். நித்திரையிலயும் எடுக்கேல்ல. நான் உடம்பு துடைக்கேக்கயும் அந்தக் கையை விட்டுப்போட்டுத்தான் துடைக்கிறன்.

நெத்தியில பூசுங்கோ. இடக்கையில பூசுங்கோ. வலக்கையை விரிக்கச் சொல்லிக் கேக்காதேங்கோ.