ஹானுஸ் மாமா கேட்ட கேள்வி

அப்படி இல்லக்கா. ரெண்டு மீனோட வாலையும் ஒண்ணா வச்சு, கயித்தை ரெண்டு சுத்து சுத்தி இழுக்கணும். ம்ம், அவ்வளவுதான். கம்புல மாட்டிருங்க, மிச்சத்தைக் காத்து பாத்துக்கும், தானா காஞ்சிரும். நாத்தமா? பழகிரும் லெஸ்யாக்கா. உங்க ஊரு கார்கிவ்ல இதைப் பூனைக்குத்தான் போட்டிருப்பீங்க.

ஆமா, ரேடியோவுல நானும் கேட்டேன். சட்டம் நிறைவேறிருச்சு. நாளையிலேருந்து ரஷ்யக் கப்பல் எதுவும் நம்ம ஃபாரோ தீவுல ஒதுங்கக் கூடாது. மாஸ்கோவுக்குக் கண்டனக் கடிதமும் போயிருக்காம். அம்பதாயிரம் சனம் எழுதுன கடிதத்தை அங்க எவன் பிரிப்பான்னு அப்பா சிரிக்கிறாரு.

உங்களுக்குத் தெரியாது. ஓட்டெடுப்புக்கு முந்தின ஞாயித்துக்கெழம ஹானுஸ் மாமா வீட்டுக்கு வந்தாரு. நாடாளுமன்றத்துல எங்க ஊரு ஆளு அவருதானே, வீடு வீடாக் காபி குடிச்சுக் கேப்பாரு. என்னம்மா சுன்னிவா, கப்பலை நிறுத்தச் சொல்லவா, வேணாமான்னு என்னையும் கேட்டாரு. மீன் ஆலையில வேலை போயிரும்னு அப்பா ஒரே கத்தல். எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க. நாலு பேரு முன்னாடி எனக்குப் பேச்சு வராதுன்னு உங்களுக்குத் தெரியும்ல. எதிர்ச் செவுத்துல, எங்க வீட்டுல தங்க வந்தப்ப நீங்க மாட்டுன படம், ரஷ்யாக்காரங்க போர்ல செத்துப்போன உங்க தம்பி, கறுப்பு நாடாவோட. நிறுத்துங்க மாமான்னேன். இப்பக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன், சத்தியமா.

அழறேனா? ஆமா, அழறேன்தான்.

கீழ துறைமுகத்துல நிக்குது பாருங்க, நீலமா ஒரு ரஷ்யக் கப்பல். ஆறு மணிக்குக் கெளம்பணுமாம், போலீஸ்காரர் நிக்கிறாரு. அதுல கிரில்னு ஒருத்தன், வலை தைக்கிறவன். நல்லவன்னு உங்ககிட்ட எந்த வாயால சொல்லுவேன். என் புள்ள ரோயியோட அப்பன் தலைநகர் டோர்ஸ்ஹவுன்ல இருக்கான்னு ஊருல சொல்லி வச்சிருக்கேன்ல, அது பொய்க்கா. இவன்தான். ஏழு மாசப் புள்ளய ஒரு தடவைகூடத் தூக்குனதில்ல.

கயித்தைக் கீழ போடாதீங்கக்கா.

நான் அங்க போனா ஊரே ஜன்னல்ல நிக்கும். நீங்கன்னா தெனமும் ரோயியைத் தள்ளுவண்டியில வச்சுக் கரையோரம் நடக்குறவங்க, யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. கேக்கக் கூடாதுதான், அதுவும் உங்ககிட்ட. இன்னிக்கு மட்டும் அந்தக் கப்பல் ஏணி கிட்டக்க ஒரு நிமிசம் நின்னு, கிரில் கையில புள்ளயக் குடுத்துட்டு...

இதோ வர்றேம்மா! முழிச்சுட்டானா? அக்கா, நீங்க மாட்டேன்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்.