கழற்றி வைத்த இருக்கை

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்தில் துணி காய்வதில்லை. அந்தத் துண்டால் தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள், தம்பி. சென்னையிலிருந்து வருகிறவர்கள் இந்தத் தூறலைப் பெரிதாக நினைக்காமல் நனைந்துவிட்டு, பிறகு காய்ச்சலில் படுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் பத்திரிகை நினைவு மலர் போடுவதில் எனக்குச் சந்தோஷம்தான். நடிகர் மதிநாதன் இறந்து ஆறு வருஷம் ஆகியும் ஜனங்கள் மறக்கவில்லை. அட்டையில் அந்தச் சிவப்புக் கார் மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஊருக்கு அவர் மதிநாதன். எனக்குக் காந்திமதிநாதன், என் அத்தை மகன். தென்காசியில் எங்கள் கல்யாணம் நடந்தபோது அவர் சினிமாவுக்குப் போகவில்லை. பிறகு போனார். பெயர் பாதியாகி, முகம் சுவரெல்லாம் ஏறியது. நான் இந்தப் பங்களாவில் இருந்தேன். படப்பிடிப்பு இல்லாதபோது வருவார்.

எல்லோரும் ஜாடையாக நடிகைகளைப் பற்றித்தான் கேட்பார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை. தென்காசிக் கொட்டகையில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் பார்த்திருக்கிறேன். கதாநாயகியை அவர் பார்க்கிற பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறிப்போன இட்லியைத் தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போது என்னைப் பார்ப்பதும் அதே பார்வைதான். அது நடிப்பு. அதில் அவர்களுக்கும் எனக்கும் சம பங்கு.

கார் வந்த பிறகுதான் அவருக்கு வேறொரு முகம் உண்டு என்று தெரிந்தது. தேயிலைத் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையிடம் வாங்கினார், சென்னைப் பக்கம் சோழவரத்தில் நடக்கிற கார்ப் பந்தயத்தில் ஓட்டுவதற்காக. பானெட்டைத் திறந்து வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். பக்கத்தில் நான் பேசுவது காதில் விழாது. கரு கலைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன் ஒருமுறை. பார்க்க வந்து, கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே நிறுத்தியிருந்த அந்தக் காரின் ஹாரனைப் பிள்ளைகள் யாரோ அமுக்கினார்கள். கையை விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

பிறகு ஒருநாள் நானே கேட்டேன். "அத்தான், என்னையும் ஒருவாட்டி அதுல கூட்டிட்டுப் போங்களேன். ஐந்தருவி வரைக்கும் போதும்."

"போவோம்ட்டீ, போவோம்," என்றார்.

மறுநாள் ஷெட்டில் எட்டிப் பார்த்தேன். காரின் இரண்டாவது இருக்கையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.

"பாரம் கொறைஞ்சா வேகம் கூடும், சுந்தரி. பந்தயத்துல ஒவ்வொரு ராத்தலும் கணக்கு," என்று சிரித்த முகமாகச் சொன்னார்.

என்னை வருத்துவதற்காக அவர் அதைச் செய்யவில்லை. நான் கேட்டதே அவருக்கு ஞாபகம் இல்லை. ஷெட்டில் நின்றபோது அது எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. டாக்டர் தாணுமாலயன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நல்ல மனிதர். அதை விழுங்கிவிட்டு மாடிப்படிகூட ஏறக் கூடாது, பாதியில் கண் சொருகிவிடும் என்று எச்சரித்திருந்தார்.

அறுபத்தோராம் வருஷம் ஆனி மாதம். அவர் பந்தயத்துக்காகச் சென்னைக்குக் கிளம்ப வேண்டிய நாள். கிளம்பும் முன் புளியரை வரை காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவது வழக்கம். காலைக் காப்பியில் மாத்திரைகளைப் பொடித்துக் கலந்தேன். வீட்டில் படுத்துத் தூங்கட்டும், ஒரு பந்தயம் தவறட்டும் என்பதுதான் என் எண்ணம். கட்டியவள் இந்த அளவுக்கு ஆசைப்படலாம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நின்றபடியே குடித்தார். "கொஞ்சம் கசக்குதே," என்றார்.

"புதுத்தூள்," என்றேன்.

கையுறைகளை மாட்டிக்கொண்டார். தடுத்திருக்கலாம். தடுத்தால் காரணம் கேட்பார். கார் வாசலைத் தாண்டியதும் எங்கள் டிரைவர் இசக்கியைக் கூப்பிட்டு, வீட்டு வண்டியை எடுத்துத் தயாராக நிறுத்தச் சொன்னேன்.

"எங்க போவணும், ஆச்சி?"

"சொல்லுதேன். நில்லு," என்றேன்.

பிரானூர் வளைவிலிருந்து ஆள் ஓடி வந்ததும் போனோம். கார் புளியமரத்தில் மோதி நின்றிருந்தது. பால் கொண்டுபோன நல்லகண்ணு சைக்கிளோடு வயலில் கிடந்தான். அவனுக்கு உயிர் இல்லை. சற்று முன் உங்களுக்குப் பலகாரம் வைத்துவிட்டுப் போனாளே பேராச்சி, அவன் மனைவிதான். அந்த வாரமே அவளை இங்கே அழைத்துக்கொண்டேன். பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன். "ஆச்சி மட்டும் இல்லேன்னா நாங்க என்ன ஆயிருப்போம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். அப்படிச் சொல்லாதே என்றாலும் கேட்பதில்லை.

அவரை வயல்காரர்கள் தூக்கி ரோட்டோரம் கிடத்தியிருந்தார்கள். உயிர் இருந்தது. தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கண் திறந்தார். மாத்திரையோ அடியோ, பேச்சு குழறியது.

"ஏட்டி, வண்டி என்னாச்சு? கொஞ்சம் தள்ளு, பாக்கணும்."

இசக்கி அழுதுகொண்டே நின்றான். "நம்ம வண்டியிலயே தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவோம், ஆச்சி. பொழைச்சிருவாவ."

பிழைத்திருப்பார். அது எனக்கும் தோன்றியது. பிழைத்தால் முதலில் எங்கே போவார் என்பதும் தோன்றியது.

"அசைக்கக் கூடாது. டாக்டர் இங்கன வரட்டும். நீ போய்க் கூட்டிட்டு வா," என்றேன். அவன் போனான். கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அந்த நேரத்தில் நான் நிதானம் தவறாமல் இருந்ததைப் பிறகு எல்லோரும் பாராட்டினார்கள்.

அவர் தலையைத் திருப்பப் பார்த்தார். நான் தள்ளவில்லை. தூறல் படாமல் மறைப்பதுபோல முந்தானையை விரித்து, கார் கண்ணில் படாதபடி குறுக்கே உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தேடுவதை விட்டுவிட்டார். கண் என் முகத்தில் வந்து நின்றது.

டாக்டர் வந்து இமைகளை மூடும்வரை அந்தப் பார்வை மாறவே இல்லை, தம்பி. அப்படி அவர் வேறு யாரையும் பார்த்ததில்லை.