மானாங் சோலே ஒரே ஒரு முறை போட்ட சொல்

மேடையில் வீற்றிருக்கும் எங்கள் பத்திரிகை உரிமையாளர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, நம் ஊர் வழக்கப்படி பின்வரிசையில் சீட்டாடியபடியே துக்கம் அனுசரிக்கும் பெரியோர்களே, வாசலில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் மேயர் அனுப்பிய மலர்வளையமே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் ரெமெஹியோ பலப்ரிகா. ஞாயிறுதோறும் நகைச்சுவைப் பத்தி எழுதுகிறவன். மறைந்த செய்தி ஆசிரியர் சோலேதாத் சுமகாய்சாய் அவர்களின், நம் எல்லோருக்கும் அக்காவாக இருந்த மானாங் சோலேயின், பக்கத்து நாற்காலியில் இருபத்தாறு ஆண்டுகள் உட்கார்ந்தவன். அதனால்தான் என்னைப் பேச அழைத்ததாகச் சொன்னார்கள். அழைப்பிதழில் போடாத விஷயம் ஒன்று உண்டு. அவரை வேலையைவிட்டுப் போகவைத்த திருத்தக் குறிப்பை எழுதியவன் நான்.

நண்பர்களே, பொய்க்கு நம் தொழிலில் எத்தனை சட்டை மாட்டுகிறோம்? உண்மைக்கு மாறான கூற்று. ஆதாரமற்ற தகவல். சர்ச்சைக்குரிய கருத்து. மானாங் சோலே இந்தச் சட்டைகளை வெறுத்தவர் என்று இதுவரை பேசியவர்கள் சொன்னார்கள். அப்படியெல்லாம் இல்லை. அவர் அளவெடுத்து மாட்டுவார். ஒருவர் சொன்னது தப்பு என்றால் ‘தவறு’. நிரூபிக்க முடியாவிட்டால் ‘ஆதாரம் இல்லை’. ‘பொய்’ என்று போட வேண்டுமானால், சொன்ன நேரத்தில் சொன்னவருக்கே உண்மை தெரிந்திருந்தது என்பதற்குக் காகிதம் வேண்டும். நம் செய்தியாளர் லியோனிலோ ஒருமுறை கொதித்துப்போய் வந்தான்.

“மானாங், அந்தாளு மூஞ்சியப் பாத்தாலே பொய்னு தெரியுது.”

“அப்ப மூஞ்சிய மட்டும் பெருசா போட்டுரலாம். நீ எதுக்கு எழுதற?”

“அவரு மனசுக்குள்ள நான் எப்படிப் பூந்து பாக்கறது?”

“முடியாதுல்ல? ‘தவறு’ன்னு போட்டுட்டுப் போய் காபி குடி.”

இப்படிப்பட்டவர் தன் இருபத்தெட்டு ஆண்டுப் பணியில் ஒரே ஒரு முறைதான் அந்தச் சொல்லைப் போட்டார்.

அந்தப் புயல் உங்களுக்கு நினைவிருக்கும். புகலிடமாக அறிவித்த பள்ளிக்கூடம் மத்தியானத்திலிருந்தே திறந்திருந்தது, மக்கள்தான் வரவில்லை என்று மேயர் சொன்னார். பூட்டிய கதவுக்கு வெளியே நின்றவர்களில் ஐந்து பேரை வெள்ளம் கொண்டுபோனது. லியோனிலோ பள்ளியின் சாவிப் பதிவேட்டைக் கொண்டுவந்தான். புயலன்று காலையிலேயே மேயர் தன் கைப்படக் கையெழுத்திட்டுச் சாவியை வாங்கியிருக்கிறார். மறுநாள்தான் திருப்பிக் கொடுத்திருக்கிறார். மானாங் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

“நல்லாப் பாரு ரெமி. அவர் கையெழுத்துதானா?”

“அவரேதான் மானாங். எங்க கல்யாணத்த நடத்திவச்சவர் அவருதானே. என் கல்யாணச் சான்றிதழ்லயும் இதே கிறுக்கல்தான். அதுலதான் என் கஷ்டமே ஆரம்பிச்சுது.”

அவர் சிரிக்கவில்லை. ‘மேயர் பொய் சொன்னார்’ என்று தலைப்பை எழுதி அச்சுக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. உரிமையாளர் என்னைக் கூப்பிட்டார். அவர் என்னை இப்போது முறைப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். “யாருக்கும் வலிக்காம ஒரு மூணு வரி எழுதுய்யா” என்றார். யாருக்கும் வலிக்காமல் எழுதித்தானே நான் இத்தனை வருடம் பிழைத்திருக்கிறேன்? எழுதினேன். ‘மேயர் குறித்து நாங்கள் பயன்படுத்திய சொல் பொருத்தமற்றது. ஏற்பட்ட தவறான புரிதலுக்கு வருந்துகிறோம்.’

அச்சுக்குப் போகும் எதுவும் மானாங் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். இதுவும் அவரிடமே போனது.

“‘ஏற்பட்ட’ன்னு போட்டிருக்கியே ரெமி, யாருக்கு ஏற்பட்டுது?”

“விட்டுடுங்க மானாங்.”

“கதவு பூட்டியிருந்துச்சா, இல்லியா?”

அவர் ஒரு காற்புள்ளியைச் சரிசெய்து, தன் கையாலேயே அதை அனுப்பிவைத்தார். மறுநாள் இரண்டாம் பக்கத்தில், சேவல் சண்டை அட்டவணைக்குக் கீழே வந்தது. அந்த வாரமே அவர் விலகினார். பத்திரிகைதான் வருத்தம் தெரிவித்துவிட்டதே, அதனால் அவதூறு வழக்கு அவர் ஒருவர்மேல் மட்டும் நின்றது. நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக வைத்த முதல் சான்று என்னுடைய அந்த மூன்று வரிகள்.

பதினோரு முறை வாய்தா. நான் எத்தனை முறை போனேன்? ஒரு முறைகூட இல்லை. ஒவ்வொரு தடவையும் காலையில் போன் செய்து, காய்ச்சல் என்பேன்.

“சரி ரெமி. ‘காய்ச்சல் என்று அவர் தெரிவித்தார்’னு போட்டுக்கறேன். ‘காய்ச்சல்’னு மட்டும் போட மாட்டேன்.”

இதற்குமேல் ஒரு வார்த்தை திட்டியதில்லை. பதினோராம் முறை போனை எடுத்தவர், நான் வாயைத் திறக்கும் முன்பே, “உடம்பப் பாத்துக்க” என்று வைத்துவிட்டார்.

நேற்று அவர் உடலருகே மேயரின் வக்கீல் செலிஸ் நின்றுகொண்டிருந்தார். இவருக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். அவரே சொன்னார்: “கோர்ட்டுக்கு எதுத்தாப்புல பாச்சோய் சூப்புக் கடை இருக்குல்ல, மத்தியானம் அங்க தனியா உக்காந்து நூடுல்ஸ ஆறவச்சுக்கிட்டு இருப்பாங்க. உங்க ஆளுங்க யாரும் வரல. நானே போய் எதுர்ல உக்காந்துக்குவேன். வழக்கப் பத்திப் பேச மாட்டோம். அவங்க பூனையப் பத்திப் பேசுவாங்க.”

மானாங் பூனை வளர்த்தது எனக்குத் தெரியாது, நண்பர்களே. இருபத்தாறு ஆண்டுகள் பக்கத்து நாற்காலி.

அடுத்த மாதம் தீர்ப்பு வர இருந்தது. அவர் இறந்ததால் வழக்கும் முடிந்தது. குற்றவாளி என்றும் சொல்ல மாட்டார்கள், நிரபராதி என்றும் சொல்ல மாட்டார்கள். நாளைக்கு யாராவது பழைய இதழ்களைப் புரட்டினால், கடைசிச் சொல்லாக நிற்பது என் திருத்தம்தான். அது இருக்கும்வரை சோலேதாத் சுமகாய்சாய் அவசரப்பட்டு வார்த்தையை விட்ட ஒரு பெண்மணி. அப்படித்தான் அவரை அடக்கம் செய்யப்போகிறோமா?

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசிய நான்கு பேரும் சூளுரைத்தார்கள். நானும் சூளுரைக்கிறேன். ஆனால் என் பங்கை மத்தியானமே எழுதி செய்தி டெஸ்க்குக்கு அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்தி. இந்த வாரம் அதில் சிரிக்க எதுவும் இருக்காது. மற்ற வாரங்களில் மட்டும் இருந்ததா என்று கேட்காதீர்கள். மேயர் பொய் சொன்னார், பதிவேட்டை நானும் பார்த்தேன், திருத்தத்தை எழுதும்போது அது எனக்குத் தெரியும் என்று மூன்று வரி. கீழே என் பெயர்.

டெஸ்க் நண்பர்களே, மானாங் வேலையை விட்ட பிறகு அவருடைய நாற்காலியில் வாரத்துக்கு ஒருவர் மாறி மாறி உட்காருகிறீர்கள். இந்த வாரம் யார் முறை என்று எனக்குத் தெரியாது. அந்தப் பத்தியை அனுமதித்து அச்சுக்கு அனுப்பப் போகிறவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். அவர் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால், நான் போய் என் இடத்தில் உட்கார்ந்துகொள்வேன். அதுவரை இந்த ஒலிபெருக்கிமுன் நிற்கிறேன். என் முழங்கால் ரொம்ப நேரம் தாங்காது.