குஞ்சம் முடியாத சேலை

காபிக்குச் சர்க்கரை வேண்டாம் மேடம். விட்டு அஞ்சு வருஷம் ஆச்சு. கோர்ட்ல நின்னுக்கினு இருந்த வரைக்கும் எனக்கு ஒரு வியாதி கிடையாது. உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சதும் எல்லாம் வந்து ஒட்டிக்கிச்சு. பதினோரு நாவல், பதினோரு மாத்திரைன்னு நானே கிண்டல் பண்ணிக்குவேன்.

விசாரணை அதிகாரி நீங்க, கேள்வி கேட்கறது உங்க வேலை. ஆனா இருபத்திரண்டு வருஷம் அரசு வக்கீலா இருந்து கேள்வி கேட்டவன் நான். என் போக்குல விட்டீங்கன்னா உங்களுக்கும் வேலை சீக்கிரம் முடியும்.

நான் பிறந்தது பிள்ளையார்பாளையம். அப்பா தறிக்காரர். எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வேணுகோபால். ஒரே வயசு, ஒரே பள்ளிக்கூடம். அவன் பதினாலு வயசுல தறிக்குழியில இறங்கினான், நான் படிக்கப் போனேன். அவன் கைக்குத் தெருவுல தனி மதிப்பு இருந்தது. நம்ம மதிப்பைக் கேட்காதீங்க. தொடர்ந்து ஏழு கொலைக் கேஸ் தோத்தேன். சாட்சி பிறழ்ந்தா நான் என்ன பண்ண முடியும்? ஆனா வக்கீலுங்க எனக்கு 'விடுதலை தினகரன்'னு பேர் வெச்சாங்க. உள்ள நுழைஞ்சாலே, "வாப்பா விடுதலை, இன்னைக்கு யாரை வீட்டுக்கு அனுப்பினே?" சிரிச்சுக்குவேன். வீட்டுக்கு வந்தா சோறு இறங்காது. இதை அப்படியே எழுதிக்குங்க, முக்கியம்.

ரெண்டாயிரத்து ஒன்பதுல செல்லியம்மாள் கொலை. நூலும் சரிகையும் குடுத்து, கூலிக்கு நெய்யச் சொல்லிச் சேலை வாங்கற அம்மா. ஒரு நாள் காலையில பின்கட்டுல கழுத்தறுபட்டுக் கிடந்தாங்க. அவங்களுக்கு நெய்துக்கினு இருந்தவன் வேணுகோபால், பக்கத்து வீடு. சேலை தாமதம்னு முந்தின நாள்தான் தெருவே கேட்க அவனை ஏசியிருக்காங்க.

சாட்சி ஒரே ஆள், உதயகுமார். பேங்க் உத்தியோகத்துக்காக மதுரையிலிருந்து வந்து எதிர்வீட்டுல குடியிருந்தவர். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாது. காலையில ஆறு மணிக்கு வேணுகோபால் கையில கத்தியோட, விரல்ல ரத்தத்தோட வாசலுக்கு வந்தானாம். என்னங்கன்னு இவர் கேட்டாராம். அவன் சொன்னது, போலீஸ் எழுதின வாக்குமூலத்துல அப்படியே இருந்தது: "அறுத்துட்டேன்பா. இன்னையோட ரோதனை முடிஞ்சுது."

படிச்ச உடனே எனக்குச் சிரிப்பு வந்துது மேடம். உங்களுக்கு வரல பாருங்க, அதான் விஷயம். தறியில சேலை முடிஞ்சா நீளவாட்டுல ஓடற பாவு நூலைக் கத்தியால அறுத்துதான் சேலையை எடுப்போம். எங்க தெருவுல யாராவது 'அறுத்துட்டேன்'னா சேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். எதை அறுத்தேன்னு ஒருத்தனும் சேர்த்துச் சொல்ல மாட்டான். எங்க அப்பா மாசத்துக்கு ரெண்டு தடவை சொல்லுவார், எங்கம்மா உடனே பாயசம் வைப்பாங்க.

ஒரு போன் போட்டு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் கிளம்பினேன். வழியில வேணு வீட்டுக்குப் போனேன். நான் போயிருக்கவே கூடாது, சட்டம் தெரியும். தறியில அறுத்த பாவு நுனி தொங்கிக்கினு இருந்தது. காவலுக்கு இருந்த போலீஸ்காரருக்கு அது வெறும் நூல். மேல அந்தச் சேலை மடிச்சு இருந்தது. அரக்கு உடல், கிளிப்பச்சை பார்டர். முந்தியில குஞ்சம்கூட இன்னும் முடியல. அவன் விரல் ரத்தம் ஓரத்துல ஒரு சொட்டு. அறுக்கறப்ப கத்தி பட்டிருக்குது. அவனுக்கும் செல்லியம்மாளுக்கும் ஒரே ரத்த வகைன்னு பிறகு ரிப்போர்ட் வந்துது, கத்தியில இருந்தது அவங்க ரத்தம்னே ஆச்சு, அது வேற என் அதிர்ஷ்டம்.

"இது எங்க வீட்டுச் சேலைப்பா, நெய்யக் குடுத்திருந்தேன்"னு சொல்லிக் கையில எடுத்துக்கினு வந்துட்டேன். அவர் எழுந்து நின்னு சல்யூட் அடிச்சார்.

கோர்ட்ல நான் ஒரு பொய்கூடச் சொல்லல. பதிவைப் பாருங்க. எதிர்த்தரப்புக்கு இலவச வக்கீல், திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். ஜட்ஜும் தெற்கத்திக்காரர். 'அறுத்துட்டேன்'னு சொன்னது உண்மையான்னு ஜட்ஜ் கேட்டார். வேணு கூண்டுல கையைக் கட்டிக்கினு, "ஆமாங்க சாமி, நான்தான் அறுத்தேன்"னான். உலகமே தறி நெய்யுதுன்னு நெனச்சுக்கினு இருந்தவன். சொல்லிட்டு என்னைப் பார்த்தான். தினகரனுக்குப் புரியும், மிச்சத்தை அவன் சொல்லிடுவான்னு பார்த்தான். நான் கேஸ் கட்டைப் புரட்டிக்கினு இருந்தேன்.

ஆயுள் தண்டனை. தீர்ப்புக்கு அப்புறம்தான் அவனுக்கு உறைச்சுது. சேலையைத்தான் சொன்னேன் சாமின்னு அலறினான். அப்பீல்லயும் சொன்னான். அப்படின்னா அந்தச் சேலை எங்கேன்னு கேட்டாங்க. எங்கே இருக்கும், என் பீரோவுல, கருப்பு கவுனுக்கு அடியில. அன்னையிலிருந்து என்னை யாரும் விடுதலைன்னு கூப்பிடல.

செல்லியம்மாளைக் கொன்னது யாருன்னு கேட்கறீங்களா? தெரியாது. தேடினாத்தானே தெரியும்.

வேலையை விட்டுட்டுச் செவிலிமேட்டுல வீடு கட்டி எழுத உட்கார்ந்தேன். முதல் நாவலே இந்தக் கேஸ்தான். பேர் மட்டும் மாத்தினேன். கதையில ஒரு வக்கீல் அந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லி நெசவாளியைக் காப்பாத்தறார். வாசகருங்க கொண்டாடினாங்க. ஒன்பதாவது பதிப்புக்கு முன்னுரை கேட்டாங்க. அதுலதான் வாய் நீண்டுடுச்சு: 'அந்த வார்த்தையைச் சாட்சியின் வாக்குமூலத்தில் படித்த காலையிலேயே இந்தக் கதை எனக்குள் பிறந்துவிட்டது.' அழகான வரி. அழகா இருந்ததாலதான் எழுதினேன்.

போன ஆவணியில வேணு பொண்ணு இளவரசி வந்துது. கேஸ் நடந்தப்ப எட்டு வயசு. அந்த வரிக்கு அடியில பேனாக் கோடு போட்டுப் புத்தகத்தை நீட்டுச்சு.

"இது நெஜமா பெரியப்பா?"

தெருமுறையில பெரியப்பா. யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காச்சு.

"கதைக்காக எழுதறதுதான்மா."

"அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு பெரியப்பா. அந்த வார்த்தைக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியும்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. கேஸைத் திரும்ப எடுக்கலாம்னு வக்கீலம்மா சொல்றாங்க. வெளிய வந்து நம்ம வீட்டுல சாகட்டும். வேற ஒண்ணும் கேட்கல."

"நாவல்ல உங்கப்பாவை விடுதலை பண்ணிட்டேன்மா. ஒன்பது பதிப்பு."

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சு ஜெயில் வாசல்ல காட்டினா விட்டுடுவாங்களா?"

பேச்சு வெடுக்குன்னு வந்துது. அப்பன் வாய். வெள்ளிக்கிழமை வாம்மா, எழுதி வெக்கறேன்னு அனுப்பினேன். எழுதணும்னுதான் நெனச்சேன், சத்தியமா. ஆனா எழுதினா பதினோரு நாவலையும் யாரு படிப்பாங்க? அதையும் யோசிக்கணும் இல்லையா?

வியாழக்கிழமை சேலையை எடுத்துக்கினு முத்துக்குமார்கிட்ட போனேன். பழைய பட்டுச் சேலையை எரிச்சுச் சரிகையிலிருந்து வெள்ளி எடுக்கறவர். விரிச்சுப் பார்த்துட்டு, "சார், கட்டவே இல்லையே இத? குஞ்சம்கூட முடியல. இப்பதான் தறியிலிருந்து அறுத்த மாதிரி இருக்குதே"ன்னார். எரிங்கன்னேன். பட்டு எரியற நாத்தம் முடி பொசுங்கற மாதிரி இருக்கும், பக்கத்துலயே நின்னேன். காசு வேண்டாம்னு வெள்ளியை உருண்டையா வாங்கிக்கினேன். மின்விசிறிக் காத்துல பறக்காம இருக்கக் கையெழுத்துப் பிரதி மேல வெச்சேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணு வந்து, என்னால முடியாதும்மான்னு நான் சொன்னதைக் கேட்டுக்கினு நின்னுது. அழல. மேஜையைப் பார்த்துது. தறிக்காரன் பொண்ணு, அந்த உருண்டை எதுலிருந்து வரும்னு அதுக்குச் சொல்லணுமா?

"எந்தச் சேலை பெரியப்பா?"

அது நேரா முத்துக்குமாரைத் தேடிப் போயிடுச்சு. அது மனு போட்டுது, அவர் சாட்சி சொன்னார், நீங்க வந்திருக்கீங்க. வேணுதான் காத்திருக்கல. போன மாசம் ஜெயில் ஆஸ்பத்திரியில போயிட்டான். காரியத்துக்கு மாலை அனுப்பினேன், திருப்பி அனுப்பிட்டாங்க. மனுஷங்களுக்கு நன்றியே கிடையாது மேடம். அந்தப் பேரு தெரியாத நெசவாளியை ஊருக்கெல்லாம் தெரிய வெச்சது யாரு?

சரி, எழுதிக்குங்க. வேணுகோபால் கொலை பண்ணலைன்னு எனக்கு முதல் நாளே தெரியும். அவனைக் காப்பாத்தற சேலையை மறைச்சது நான், எரிச்சது நான். நடுவுல பதினஞ்சு வருஷம், எந்த நாள் காலையில வேணும்னாலும் அவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

கீழ என் கையால ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுடறேன். 'நான்தான் அறுத்தேன்.' ஏன் மேடம், எதைன்னு கேட்க மாட்டீங்களா? அன்னைக்கும் இப்படித்தான், ஒருத்தரும் கேட்கல. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்.