ஒரு முறை தட்டினால் நலம்

பகல் பன்னிரண்டு மணி. ஆளே இல்லாத பெரிய சாலை...

ராத்திரி இல்லை, கண்ணுகளா. பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? உச்சிப் பொழுதில் தனியாக வெளியே போகாதே என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லி வைத்தார்கள்? அந்தப் போர்வையில் கொஞ்சம் சின்னவளுக்கும் விடுங்கள். ம்... நெருங்கி உட்காருங்கள்.

இது என் தோழியின் கொழுந்தனாருக்கு நடந்தது. வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். ஊருக்கே அவர் கேன்காரர்தான்.

அந்தக் காய்ச்சல் பரவிய வருஷம். கடைகள் எல்லாம் அடைப்பு. நடுச்சாலையில் நாய் மல்லாந்து படுத்துத் தூங்கியது. காய்ச்சல் கண்ட வீட்டு வாசலில் சிவப்பு நாடா கட்டிவிடுவார்கள். அதைத் தாண்டி ஒருவரும் போகக் கூடாது. ஆனால் காய்ச்சல்காரனுக்கும் தாகம் எடுக்குமே? கேன்காரர்தான் போவார். தோளில் தண்ணீர், கையில் பாலும் ரொட்டியும் போட்ட பை.

வீட்டில் மனைவி நிறைமாசம். திரும்பி வந்தால் வாசலிலேயே நிற்க வைப்பாள்.

"அங்கேயே நில்லுங்க. சோப்பு போட்டுக் குளிக்காம ஒரு அடி உள்ள வரக் கூடாது."

"அன்னைக்குப் பொண்ணு கேட்டு வந்தப்ப உங்கப்பன் துரத்தினான். இன்னைக்கு நீ துரத்துறியா?"

"அவர் செருப்பால துரத்தினார். நான் வாயாலதானே துரத்துறேன்? சந்தோஷப்படுங்க."

சிரிப்பார்கள். ஆனால் அவள் கை வயிற்றின் மேலேயே இருக்கும்.

கேன்காரர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கதவுப் பிடியில் பையை மாட்டுவார். கேனைக் கீழே வைப்பார். கதவைத் தட்டுவார். உள்ளே இருப்பவர்கள் உள்பக்கமிருந்து பதிலுக்குத் தட்ட வேண்டும். ஒரு முறை தட்டினால், நல்லா இருக்கோம். இரண்டு முறை தட்டினால், ஆஸ்பத்திரி வண்டி வேண்டும். பதில் வந்ததும் அவர் படி இறங்கிவிடுவார். அதற்கப்புறம்தான் கதவு திறக்கும். யார் முகத்தையும் அவர் பார்ப்பதில்லை. மூச்சுக்கு பயந்த காலம் அது.

ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் ஒரு தையல்காரம்மா. புருஷனை வண்டி ஏற்றிக்கொண்டு போனது. அவன் திரும்பவில்லை, அவன் போய்விட்டான் என்று போன்தான் வந்தது. மிச்சம் அவளும் நாலு வயசுப் பெண் குழந்தையும். அவள் தைத்துக் கொடுத்த துணியை எல்லாம் அக்கம்பக்கத்துக்காரர்கள் குச்சியால் தூக்கிக்கொண்டு வந்து அவள் வாசலிலேயே போட்டுவிட்டார்கள். உடுத்திப் பார்த்து, கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி நின்ற துணிகள்...

முதல் நாள் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் பேசினாள்.

"அண்ணே, நான் ரெண்டு தட்டு தட்ட மாட்டேன். தட்டினாலும் நீங்க காதுல போட்டுக்காதீங்க."

"ஏன் தங்கச்சி?"

"வண்டி வந்தா பாப்பாவைத் தனியா முகாமுக்குக் கொண்டு போயிடுவாங்களாம். அது ராத்திரி என் சேலை முந்தானையைப் பிடிக்காம தூங்காது அண்ணே. அங்க யாரோட முந்தானையைப் பிடிக்கும்?"

அவர் கேனை இறக்கி வைத்து, கதவைத் தட்டிவிட்டு நின்றார். உள்ளே இருமல். பிறகு ‘டிங்’. இரும்புக் கதவில் இரும்பு படும் சத்தம். ஊசி குத்தாமல் இருக்க விரல் நுனியில் மாட்டுவார்களே ஒரு குட்டித் தொப்பி, அதை வைத்துத்தான் தட்டுவாள்.

ஒரே ஒரு தட்டு.

கொஞ்ச நாளில் இருமல் கேட்கவில்லை. பேச்சும் இல்லை. ‘டிங்’ மட்டும் தவறாமல் வந்தது. மறுநாள் போனால் காலிப் பை பிடியில் தொங்கும். காலிக் கேன் மூடியோடு நேராக நிற்கும். தேறிவிட்டாள் என்று கேன்காரருக்கு நிம்மதி.

"என்ன தண்ணி டாக்டர், மூணாவது மாடி நோயாளி எப்படி?" என்று கீழே காவலாளி கிண்டலாகக் கேட்பார்.

"பேசத்தான் மாட்டேங்குது. தட்டுது."

"பேசாம தட்டுற பொம்பளையா? என் வீட்டுக்கும் ஒண்ணு அனுப்புங்க."

ஒன்றுதான் அவருக்கு இடித்தது. நிறைகேன் தூக்க ஆம்பளைக்கே இடுப்பு ஒடியும். காய்ச்சலில் கிடந்தவள் எப்படி உள்ளே இழுத்துக்கொள்கிறாள்? சரி, பெத்தவள், பிள்ளைக்காக மலையையும் தூக்குவாள்... என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்த உச்சிப் பொழுது. சாலையில் அவர் செருப்புச் சத்தம் மட்டும். மூன்று மாடி ஏறினார். பையை மாட்டினார். கேனை வைத்தார். வாசலில் தையல் எந்திர எண்ணெய் வாசனை, எப்போதும் போல. தட்டினார்.

டிங்.

திரும்பி ஒரு படி இறங்கிவிட்டார்.

...டிங்.

கால் அப்படியே நின்றது.

இரண்டாவது தட்டு விழுந்த கணமே அழுகின வாடை வந்தது, கண்ணுகளா. கதவிடுக்கு வழியாக, ஒரே மூச்சில். அத்தனை நாளும் யாரோ கையால் பொத்தி வைத்திருந்ததைத் திறந்துவிட்ட மாதிரி... முகத்தில் கட்டியிருந்த இரண்டு மடிப்புத் துணியையும் தாண்டி ஏறியது.

மனைவியின் வயிறு நினைவுக்கு வந்தது. ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஓடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி... வண்டிக்குச் சொல்லட்டுமா?"

டிங். டிங்.

உள்ளே, கதவின் உச்சியில், தாழ்ப்பாள் நகர்ந்தது. கிர்ர்ர்... கதவு ஒரு சாண் திறந்தது.

பின்னால் யாரும் இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

தையல் எந்திரத்தின் அடியில், வெட்டுத்துணிக் குவியலில் குழந்தை கிடந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. நெற்றியில் ஈரத்துணி. சும்மா ஈரம் இல்லை, இப்போதுதான் பிழிந்து போட்ட குளிர்ச்சி. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது.

"சத்தம் போடாதீங்க மாமா. அம்மா தூங்கறாங்க."

"எங்கடா கண்ணு?"

உள் அறையைக் காட்டியது. "கதவு தட்டுனா மட்டும்தான் எழுந்திருப்பாங்க."

அவர் அந்த அறை வாசலோடு நின்றுவிட்டார்.

அவர் போன் போட்டதும் வண்டி வந்தது. வெள்ளை உடுப்புக்காரர் இருவர். ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இது இன்னைக்கு நேத்து இல்ல அண்ணே. ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் குழந்தைக்கு யாரு கதவைத் திறந்து சோறு தண்ணி குடுத்தது?"

கேன்காரர் தாழ்ப்பாளை அண்ணாந்து பார்த்தார். அவர் தலைக்கு மேலே இருந்தது.

"அவங்க விரல்ல ஒரு இரும்புத் தொப்பி இருக்கும். இருக்கா?"

"இல்லையே. வலது கையில நடுவிரல் நுனி மட்டும் வெளுத்திருக்கு."

பிணத்துக்கு வேறு வண்டி, சாயங்காலம்தான் வரும். அதுவரை கிடக்கட்டும் என்று கதவைச் சாத்தி, வெளியே பூட்டுப் போட்டார்கள். குழந்தையைக் கீழே கொண்டுவந்தார்கள். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவரிடம் கிண்டல் இல்லை.

குழந்தையைப் போர்வையில் கைகால் அசையாமல் சுற்றி, வண்டியின் பின்னால் தனியாகப் படுக்க வைத்துப் பட்டை கட்டினார்கள். அது அரை மயக்கம். உடுப்புக்காரர்கள் இருவரும் முன்னால் ஏறிக்கொண்டார்கள். பின்கதவு அறைந்து மூடியது.

வெயிலில் அந்த இரும்புக் கதவைப் பார்த்துக்கொண்டு கேன்காரர் நின்றார். யாருடைய முந்தானையைப் பிடித்துத் தூங்கும் அது... இத்தனை வருஷம் எத்தனையோ கதவைத் தட்டிய கை. தன்னை அறியாமலே நீட்டி, வண்டியின் கதவை ஒரு முறை தட்டினார்.

வண்டி கிளம்பியது.

உள்ளேயிருந்து...

டிங்.

ஒரே ஒரு தட்டு.